இழுத்து வைத்தால் இணையதளம்!

நவராத்திரிக்குக் கொலு வைக்க நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செட்டியார் பொம்மையைக் கீழ்ப்படியில் வைத்துப் பார்ப்போம். இடம் இடித்தால் தூக்கி நகர்த்துவோம். இப்போதெல்லாம் இணையதளம் அமைப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிட்டது, சகோதரிகளே!

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். திருவண்ணாமலையில் வீட்டிலேயே பொடி, வடகம் செய்து விற்கிறேன். கிரிவலம் வருகிறவர்கள் வாங்கிப் போய், ருசி பிடித்து, ஊருக்கு அனுப்பச் சொல்வார்கள். அவர்களுக்காக ஒருவரிடம் பணம் கொடுத்து இணையதளம் அமைத்தோம். உளுத்தம் பருப்பு விலை ஏறியதும் இட்லிப் பொடியின் விலையை மாற்றச் சொன்னேன். ஒரே ஓர் எண்தான்! அதற்கு நாலு தடவை போன், தனியாகக் கட்டணம் வேறு. அதற்குள் பழைய விலைக்கே பதினோரு ஆர்டர் வந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு? எங்களுக்குத்தான்.

என் மூத்த பெண்ணுக்கு, இணையதளத்தை இழுத்து வைத்தே திருத்தும் கருவிகளை உருவாக்குவதுதான் உத்தியோகம். அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் பார்க்கலாம், அங்கேயே திருத்தவும் செய்யலாமாம். பின்னால் பரவிய பிரவுசர்கள் பெரும்பாலும் பார்ப்பதற்கு மட்டுமே என்றாகிவிட்டன. எழுதுகிற வேலை குறியீடு படித்தவர்கள் கைக்குப் போயிற்று. இந்தக் கருவிகள் அதை மறுபடி நம் கைக்குக் கொண்டுவருகின்றன. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ், பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் முறைக்கு மாறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவும் 'ஜோஹோ சைட்ஸ்' என்று ஒன்றை வைத்திருக்கிறது.

பார்க்கச் சுலபம், செய்வதுதான் கஷ்டமாம். நாம் ஒரு படத்தை இழுக்கும்போது, கை எங்கே இருக்கிறது என்று கருவி கணத்துக்குக் கணம் அளக்க வேண்டும். எங்கே போய் உட்காரும் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். கையை விட்டதும் பின்னால் இருக்கும் குறியீட்டைத் தானே மாற்றி எழுத வேண்டும். வேண்டாமென்றால் பழையபடி திருப்பித் தரவும் வேண்டும்.

அவள் செய்ததை முதலில் என்னிடம்தான் கொடுத்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாகத் துவைத்து, பிழிந்து, அரிந்து என் கட்டைவிரலில் ஓயாத வலி. மவுஸை அழுத்திக்கொண்டே இழுக்க முடியவில்லை. படம் பாதி வழியில் நழுவி எங்கேயோ விழுந்தது.

"இது உன் தப்பில்லேம்மா, எங்க கருவியோட தப்பு" என்றாள்.

2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற உலகளாவிய வழிகாட்டியிலேயே இது இருக்கிறதாம். இழுத்துச் செய்கிற வேலையை இழுக்காமல், வெறுமனே அழுத்தியும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது அது. வேர்ட்பிரஸ்ஸில் மேலே, கீழே நகர்த்த அம்புக்குறிகள் உண்டு. என் பெண்ணும் அப்படி இரண்டு அம்புக்குறி வைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை விலை ஏறியபோது, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் நானே மாற்றிவிட்டேன்!

சிறு தொழில் செய்யும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, இழுக்காமலும் நகர்த்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். படங்களின் அளவைக் குறைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும். செல்போனில் எப்படித் தெரிகிறது என்றும் பார்த்துவிடுங்கள். முக்கியமாக, தளத்தின் முகவரியை யார் அமைத்துக் கொடுத்தாலும் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். வீட்டுச் சாவியை அடுத்தவர் இடுப்பில் செருகிவிட்டு நாம் வாசலில் நிற்கலாமா?