பிறந்தகமும் புகுந்தகமும்

கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி பெலே, மரடோனா என்னும் இரு பெயர்களையே சுற்றிவருகிறது. சிறிய நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு நம் ஏடுகளில் இடம் கிடைப்பதில்லை என்பது நமது பழைய குறை. அதை இங்கே விரித்தால் கட்டுரை திசைமாறிவிடும். நாம் பேச எடுத்துக்கொண்டவர் அலெக்சாந்தர் கிமராயிஸ். கோஸ்டாரிகாவில் ‘கிமா’ என்றாலே போதும்.

1959இல் பிரேசிலின் வடகிழக்குக் கரையிலுள்ள மாசெயோ நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு கோஸ்டாரிகாவுக்குப் போனவர். அந்நாட்டின் குடிமகனாகி, தலைநகரின் சப்ரிசா கழகத்துக்காக ஆடினார். ஆட்டக்காரராக அவரைப் பெரும் மேதை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1990இல், கோஸ்டாரிகா முதன்முதலாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தபோது, போரா மிலுட்டினோவிச் பயிற்றுவித்த அந்த அணியில் அவரும் இருந்தார். ஜூன் 16 அன்று டூரின் நகரில் எதிரே நின்றது பிரேசில். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் கிமராயிஸ். முல்லர் அடித்த ஒரே கோலில் பிரேசில் வென்றது. ஈன்றவளுக்கு எதிராகச் செவிலித்தாயின் பக்கம் நிற்கும் பிள்ளையின் நிலையை நம் அகத்திணைப் புலவர்கள் கற்பனை செய்ததில்லை; செய்திருந்தால் அதற்கும் ஒரு துறைப்பெயர் கொடுத்திருப்பார்கள்.

பின்னர் பயிற்சியாளரானார். 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் நடுவே தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 2001 ஜூன் 16 அன்று மெக்சிகோவின் அஸ்தெக்கா அரங்கில் கோஸ்டாரிகா 2-1 என வென்றது. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் அந்த அரங்கில் மெக்சிகோ அதுவரை தோற்றதே இல்லை. வெற்றிக் கோலை அடித்தவர் எர்னான் மெட்ஃபோர்ட். 1990இல் சுவீடனை வீழ்த்திய கோலும் அவருடையதே, கிமராயிஸின் பழைய தோழர்.

உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் சீனாவுடன். சீனாவின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், அதே போரா! ஆசானை மாணவர் 2-0 என வென்றார். துருக்கியுடன் 1-1. மூன்றாவதாக, ஜூன் 13 அன்று சுவோன் நகரில், மறுபடியும் பிரேசில். அதே நேரத்தில் வேறோர் அரங்கில் துருக்கியும் சீனாவும் ஆடிக்கொண்டிருந்தன.

இந்த ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 38ஆம் நிமிடத்துக்குள் பிரேசில் மூன்று கோல்கள். அடுத்த நிமிடமே வாஞ்சோப் ஒன்றைத் திருப்பினார். 56ஆம் நிமிடத்தில் கோமெஸ் இரண்டாவதை அடித்தார், 3-2. அந்தக் கணத்தில் துருக்கி 2-0 என முன்னிலையில் இருந்தது. இரு அணிகளும் புள்ளிகளில் சமம், கோல் வித்தியாசத்திலும் சமம். அடித்த கோல்களில் கோஸ்டாரிகாவுக்கு ஒன்று கூடுதல். அதாவது, தோற்றுக்கொண்டிருந்தபடியே கோஸ்டாரிகா அடுத்த சுற்றுக்குள் நின்றது. அந்த நிலை ஆறே நிமிடம் நீடித்தது. 62இல் ரிவால்டோ, 64இல் ஜூனியர், முடிவு 5-2.

தடுத்தாடியிருக்கலாமே என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்கிறார்கள். நாம் அந்தக் கட்சியில் இல்லை. 85ஆம் நிமிடத்தில் துருக்கி மூன்றாவது கோலை அடித்துவிட்டது. 3-2 என்று பூட்டிவைத்திருந்தாலும் கோஸ்டாரிகா வெளியேறியிருக்கும். சமன் செய்யும் ஒரு கோல்தான் உண்மையான வழி. அதைத் தேடித்தான் அவர்கள் முன்னேறினார்கள். இன்னொன்றும் உண்டு. கோப்பையை வென்ற பிரேசில் அத்தொடர் முழுவதிலும் வாங்கியவை நான்கே கோல்கள். அவற்றுள் இரண்டு கோஸ்டாரிகா அடித்தவை.

2006இல் மீண்டும் அவரே பயிற்சியாளர். மூனிக்கில் தொடக்க ஆட்டம், ஜெர்மனியிடம் 4-2 என்று தோல்வி. அடுத்த இரண்டிலும் தோல்வியே. அதற்குப்பின் பனாமா, சீனா என்று அவருடைய வாழ்க்கை பெட்டியும் கையுமாகவே கழிந்தது. 2016இல் நம் நாட்டுக்கும் வந்தார். மும்பை சிட்டி அணி இந்தியன் சூப்பர் லீகின் அரையிறுதியை முதன்முறையாக எட்டியது அவர் காலத்தில்தான். 14 லீக் ஆட்டங்களில் வாங்கியவை 8 கோல்கள் மட்டுமே, பட்டியலில் முதலிடம். சுவோனில் திறந்த மார்போடு ஆடவிட்டவரா இவர் என்று வியக்கத் தோன்றும்! அரையிறுதியில் கொல்கத்தா வென்றது. 2019இல் கொலம்பியாவின் அமெரிக்கா தெ காலி கழகத்துக்கு 11 ஆண்டுகளுக்குப்பின் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தபோது அவருக்கு அறுபது வயது.

அவர் மகனும் ஆட்டக்காரர், செல்சோ போர்ஹெஸ். 2014 உலகக் கோப்பை பிரேசிலில் நடந்தது. கோஸ்டாரிகா உருகுவேயையும் இத்தாலியையும் வென்று இரண்டாம் சுற்றில் கிரீஸைச் சந்தித்தது ரெசீஃபே நகரில். மாசெயோவுக்கு அருகில், அதே கடற்கரையில். ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போயிற்று. கோஸ்டாரிகாவின் முதல் உதையை எடுக்க நடுவட்டத்திலிருந்து நடந்துவந்தவர் செல்சோ. பந்து வலைக்குள் சென்றது.