கடைசி சீட்டுக்கும் குளிர் போகணும்

மாசி மகம் நல்லபடியாக முடிந்தது. கோயில் வேன் ஏர்கோனை எப்படிச் சரி செய்தீங்கன்னு பலர் கேட்டதால் விவரமா எழுதுகிறேன். மற்ற கோயில்களுக்கும் உதவும்.

மலாக்காவில் மாசி மகம் என்றால் செங் சன்னாசிமலைதான். டவுனில், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் ரதத்தில் அங்கே புறப்படுவார். ஜாசின், மெர்லிமாவ் பக்கத் தோட்டங்களில் இருக்கும் நம்ம வயசானவங்க பலருக்கு சொந்த வண்டி கிடையாது. பிள்ளைகள் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை. கோயில் வேன் வந்தால்தான் அவங்களுக்குத் திருவிழா.

அந்த வேனில் முன்னால் உட்கார்ந்தால் கை விறைக்கும், கடைசி வரிசையில் வேர்த்துக் கொட்டும். பாட்டிகளோ, "நாங்க பின்னால உக்காந்துக்கிறோம் தம்பி"ன்னு தாங்களே பின்னால் போய்விடுவாங்க. போன வருஷம் திரும்பும்போது 78 வயசுப் பாட்டி ஒருத்தருக்கு மயக்கம் வந்துவிட்டது. விரதம், அதோட பிரஷர் மாத்திரை. வயசானால் தாகமும் சரியாகத் தெரியாது, சூட்டைத் தாங்கும் சக்தியும் குறையும். "என்னால உங்களுக்குத் தொந்தரவு, இனிமே நான் வரலப்பா"ன்னு அவங்க சொன்னதுதான் எங்க மனசைக் குடைந்தது.

ஒரு பட்டறையில் கம்ப்ரஸரை மாத்தணும், 1,800 வெள்ளி ஆகும் என்றார்கள். அன்னதானப் பணத்தில் கை வைக்கணும். வீட்டு ஏர்கோன் வேலை செய்யும் நம்ம கோயில் தம்பி ஒருவர், "அண்ணே, முதல்ல காற்று எங்க போவுதுன்னு பார்ப்போம்"னார். ஒவ்வொரு துவாரத்துக்கு முன்னாலும் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்தார். முன்னால் படபடன்னு அடித்தது, கடைசியில் அசையவே இல்லை. ஆனால் அங்கே கை வைத்தால் குளிர் லேசாகத் தெரிந்தது. காற்று வேகமாக வந்து குளிர் இல்லாவிட்டால் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம். குளிர் இருந்து வேகம் இல்லாவிட்டால் காற்று வரும் வழியைத்தான் பார்க்கணும் என்றார்.

கூரை அட்டையைக் கழற்றினோம். காற்றுக் குழாயின் இரண்டு இணைப்புகளில் பழைய துணி டேப் வெயிலில் பசை உருகிப் பிரிந்திருந்தது. பாதிக் குளிர் கூரை இடுக்கிலேயே வீணாகப் போயிருக்கு. ஸ்பிரிட்டால் துடைத்து, அலுமினிய டேப் சுற்றி ஒட்டினோம். காற்றை உள்ளே இழுக்கும் கம்பி வலையில் தூசி, திருநீறு, காய்ந்த பூ இதழ் எல்லாம் அப்பியிருந்தது. அதைக் கழுவினோம். அதுக்கு முன்னால்தான் நாம பால்குடத்தையும் பையையும் அடுக்கி வைப்போம்! காற்று உள்ளே போகாவிட்டால் வெளியே எப்படி வரும்? போதாததற்கு உள்ளே கம்பிச்சுருளில் ஐஸ் கட்டி மிச்ச வழியையும் அடைத்துவிடும். கடைசியாக, முன் துவாரங்களைப் பாதி மூடி, பின்னால் உள்ளதை முழுசாகத் திறந்தோம். மொத்தச் செலவு 40 வெள்ளிக்குள்.

இந்த மாசி மகத்துக்கு முன்னால், "ஏர்கோன் சரியாயிருச்சு, வாங்க பாட்டி"ன்னு வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். வந்தாங்க. செங் போய்ச் சேர்வதற்குள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க.

பெரியவங்களை ஏற்றிப் போகும் கோயில்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்பும் முன்னால் கடைசி சீட்டில் பத்து நிமிஷம் நீங்களே உட்கார்ந்து பாருங்க. குறை இருந்தாலும் அங்கே உட்காருபவங்க வாய் திறந்து சொல்லமாட்டாங்க. நடுவழியில் தண்ணீர் கொடுங்க. சாமான்களைக் காற்று வழியில் வைக்காதீங்க. டிஷ்யூ சோதனையைத் தெரிந்தவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.

முருகன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். 🙏