உட்வர்ட் சாலை, 27 மைல்

டெட்ராய்ட் நகரத்தின் தூரங்களெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குகின்றன. ஆற்றங்கரையிலிருந்து சில நிமிட நடையில் கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கம் வருகிறது. அங்கே தரையில் ஓர் அடையாளம் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து எட்டு மைல் வடக்கே போனால் எட்டாம் மைல் சாலை. நகரத்தின் வட எல்லை அதுதான். உட்வர்ட் சாலை ஆற்றங்கரையில் கிளம்பி, இந்தச் சதுக்கத்தைத் தொட்டு, எட்டாம் மைலையும் கடந்து வடமேற்கே பான்டியாக் ஊர்வரை போகிறது. மொத்தம் சுமார் 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர். பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான தடம் அது. 1805 ஜூனில் ஊரே எரிந்து சாம்பலான பிறகு, அகஸ்டஸ் உட்வர்ட் என்ற நீதிபதி புதிய நகரத்துக்கு வரைபடம் போட்டார். சாலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தச் சாலையை பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. காரில் போகிறவருக்கு இது அகலமான ஒரே சாலை. பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டு நிர்வாகங்கள். நகர பஸ்களை மாநகராட்சி ஓட்டுகிறது. புறநகர் பஸ்களை ஓட்டுவது ஸ்மார்ட் என்ற வேறொரு அமைப்பு. யார் பஸ் எதுவரை போகும், எந்த ஊர் அதற்கு வரி கொடுக்கும் என்பதில்தான் இந்த வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கை சிக்கிக்கிடக்கிறது.

முதல் சில தெருக்களில் கஷ்டத்தின் சுவடே தெரியாது. கேம்பஸ் மார்ஷியஸில் கோடையில் மணல் கொட்டிக் கடற்கரை அமைக்கிறார்கள். பனிக்காலத்தில் அதே சதுக்கத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஹட்சன்ஸ் கட்டடம். பழைய ஹட்சன்ஸ் ஒரு காலத்தில் அமெரிக்காவின் மாபெரும் பல்பொருள் அங்காடிகளில் ஒன்று. நகரத்துப் பெண்கள் உடுத்தி அலங்கரித்துக்கொண்டு போன இடம். 1983இல் கடையை மூடினார்கள். 1998 அக்டோபரில் வெடிவைத்துக் கட்டடத்தைத் தகர்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்குமேல் அந்த மனையில் மேலே எதுவும் எழவில்லை. இப்போது டான் கில்பர்ட்டின் பெட்ராக் நிறுவனம் அங்கே பெரிய கோபுரம் எழுப்பியிருக்கிறது. ஆற்றங்கரையின் ரினைசன்ஸ் சென்டரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகத்துக்கும் இதுதான் புதிய முகவரி. இந்தக் கட்டடத்துக்கு நகர மன்றம் 2022இல் 6 கோடி டாலர் வரிச்சலுகை கொடுத்தது. அதற்கு அப்போது எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

கொஞ்சம் வடக்கே லிட்டில் சீசர்ஸ் அரங்கம். நகரம் 2013 ஜூலை 18 அன்று திவால் மனு போட்டது. சுமார் 1,800 கோடி டாலர் கடன். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு பெரிய நகரத் திவால் அதற்குமுன் நடந்ததில்லை. மனு போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, இந்த அரங்கத்துக்கான கடன்பத்திரங்களுக்கு மாநில வாரியம் ஒப்புதல் கொடுத்தது. கட்டி முடித்தபோது 30 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் அதில் போயிருந்தது. அரங்கத்தைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகள் வரும், கடைகள் வரும் என்றார்கள். அரங்கம் 2017இல் திறந்தது. சுற்றிலும் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கார் நிறுத்துமிடங்கள்தான்.

அதே ஆண்டு மே மாதம் க்யூலைன் டிராமும் ஓடத் தொடங்கியது. இப்போது கட்டணம் கிடையாது, ஏறி உட்கார்ந்தால் போதும். பழைய டிராம்களை 1956இல் நிறுத்திவிட்டு, வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றிருந்தார்கள். புது டிராமின் தண்டவாளத்தைச் சாலையின் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். சரக்கு இறக்க ஒரு லாரி குறுக்கே நின்றால் டிராமும் நின்றுவிடும். அதன் தூரம் மொத்தமே 3.3 மைல். 27 மைலில் அவ்வளவுதான்.

அந்த 3.3 மைலுக்குள்ளேயே டெட்ராய்ட் கலைக்கூடமும் வந்துவிடுகிறது. டியேகோ ரிவேரா 1932-33இல் தீட்டிய 27 சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. ஃபோர்டின் ரூஜ் ஆலையில் குனிந்தும் இழுத்தும் தள்ளியும் உழைக்கும் மனிதர்கள் சுவர் முழுக்க நிற்கிறார்கள். திவால் நேரத்தில் கடன்காரர்களின் கண் இந்தக் கூடத்தின் சேகரிப்புமேல் விழுந்தது. நகரத்துக்குச் சொந்தமான ஓவியங்களை விற்றால் எவ்வளவு வரும் என்று ஏலக் கம்பெனியை வைத்து மதிப்புப் போட்டார்கள். கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் பொறுப்பேற்று ஓவியங்களைக் காப்பாற்றின. அந்தப் பணம் ஓய்வூதிய நிதிக்குப் போனது. அப்படியும் மாநகராட்சியின் சாதாரண ஓய்வூதியர்களுக்கு 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது, ஆண்டுதோறும் ஏறும் பஞ்சப்படியும் நின்றது. மருத்துவச் சலுகையிலும் பெரும்பகுதி பறிபோனது. பஸ் ஓட்டியவர்களும் குப்பை அள்ளியவர்களும் அவர்களுக்குள் அடக்கம். ஓவியங்கள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊர் பிழைத்த கதையைச் சொல்கிறவர்கள் இந்த வெட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கலைக்கூடத்துக்காக 2012இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெயின், ஓக்லண்ட், மக்கோம் என்ற மூன்று கவுண்டிகளின் மக்களும் தங்கள் சொத்துவரியிலிருந்து அதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கிராண்ட் புலவார்டில் டிராம் முடிகிறது. அங்கிருந்து நாலாம் நம்பர் பஸ்தான், இரவெல்லாம் ஓடும் பஸ். நார்த் எண்ட் பகுதியில் வெறும் மனைகள், பலகை அடித்து மூடிய கடைகள், அவற்றுக்கு இடையே தேவாலயங்கள். இங்கே 2024இல் டெட்ராய்ட் மக்கள் உணவுக் கூட்டுறவுக் கடை திறந்தது. கறுப்பின மக்கள் முன்னின்று, பல ஆண்டுகள் உறுப்பினர் சேர்த்து, பணம் திரட்டி உருவாக்கிய மளிகைக்கடை. நல்ல காய்கறி வாங்க நகர எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தவர்களுக்கு, பஸ் நிற்கும் சாலையிலேயே ஒரு கடை கிடைத்திருக்கிறது. என் மனம் நின்றது வானுயர்ந்த கோபுரத்தின்மேல் அல்ல, இந்தக் கடையின்மேல்தான்.

அதற்கு மேல் ஹைலண்ட் பார்க். டெட்ராய்ட்டின் நடுவே தனி நகராட்சியாக இருக்கும் குட்டி ஊர், பரப்பளவு மூன்று சதுர மைல்தான். இருபதாம் நூற்றாண்டு உலகத்துக்குக் கொடுத்த வேலைமுறை இங்கேதான் பிறந்தது. ஃபோர்டு 1910இல் இங்கே ஆலை திறந்தார். 1913இல் வண்டியின் அடிச்சட்டத்தைத் தொழிலாளி முன் நகர்ந்துவரச் செய்தார்கள். அடிச்சட்டம் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு வந்தது. ஒரே திருகை நாள் முழுக்க முறுக்கும் அந்த வேலையில் ஆட்கள் தங்கவில்லை. ஒருவர் வர ஒருவர் போக, அந்த ஆண்டு ஆள்மாற்றம் 370 சதவீதமானது. அதனால்தான் 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார்கள். வாசலில் குவிந்த கூட்டத்தைக் கலைக்க அந்தக் கடுங்குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

1920களின் கடைசியில் ஃபோர்டின் தயாரிப்பு ரூஜ் ஆலைக்குப் போய்விட்டது. ஊர் கிரைஸ்லரைப் பிடித்துக்கொண்டது. 1990களில் கிரைஸ்லரும் தலைமையகத்தை வடக்கே ஆபர்ன் ஹில்ஸுக்கு மாற்றிக்கொண்டது. 1930இல் ஏறக்குறைய 53,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 8,977 பேர். நூலகம் 2002இல் மூடியது. அந்த அழகான கட்டடம் உட்வர்ட் சாலையிலேயே பூட்டிக் கிடந்தது. 2011இல் மின் கட்டணப் பாக்கி சுமார் 40 லட்சம் டாலர். மின் நிறுவனம் விளக்கை அணைத்ததோடு விடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு இருட்டில் நடந்தவர்கள், பிறகு தாங்களே சங்கம் சேர்த்துச் சூரியசக்தி விளக்கு நடத் தொடங்கினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட் 2016 முடிவதற்குள் 65,000 புது விளக்குகள் போட்டுவிட்டது. ஒரே சாலை, ஒரே இருட்டு. நகராட்சி வேறு என்பதால் விளக்கு எட்டவில்லை.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றபோது அங்கே வேலை பார்த்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஹைலண்ட் பார்க்கை விளக்கத் தேவையில்லை.

ஆறாம் மைலுக்கும் ஏழாம் மைலுக்கும் இடையே 1909இல் ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் சாலை போட்டார்கள். ஒரு முழு மைலுக்கு கான்கிரீட் நெடுஞ்சாலை போட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை, தூர தேசங்களிலிருந்தெல்லாம் பொறியாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள். அதைக் கடந்தால் உட்லான் கல்லறைத் தோட்டம். ரோசா பார்க்ஸும் அரீத்தா ஃபிராங்க்ளினும் அங்கே உறங்குகிறார்கள். பிறகு பழைய மாநிலப் பொருட்காட்சித் திடல். 2009வரை ஆண்டுதோறும் ஆடுமாடுகளோடு விழா நடந்த இடத்தில் இப்போது அமேசான் கிடங்கு. பால்மாடுகளைக் காட்சிக்குக் கட்டிய பழைய கொட்டகையை மட்டும் இடிக்காமல் புதுப்பித்து, 2024இல் பஸ் நிலையம் ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு ஜேசன் ஹார்க்ரோவ் பெயர். 2020 மார்ச்சில் தன் பஸ்ஸில் ஒரு பயணி வாயை மூடாமல் இருமியதைப் பற்றி மனம் நொந்து காணொளி போட்ட ஓட்டுநர் அவர். சில நாட்களில், ஏப்ரல் முதல் தேதி, கொரோனாவில் இறந்தார். நகரங்கள் தங்கள் கட்டடங்களுக்கு வைத்த பெயர்களில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமானது குறைவு.

அடுத்தது எட்டாம் மைல். 1963 ஜூன் 23 அன்று மார்ட்டின் லூதர் கிங்கோடு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்வர்ட்டில் நடந்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 1974இல், மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் எல்லை தாண்டி ஒரே பள்ளியில் சேர்க்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். நிறத்துக்கு ஒரு பக்கமாக ஊர் பிரிந்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகு எட்டாம் மைல் சாலை சட்டப்படியே மதிலானது. 1950இல் 18 லட்சத்து 49 ஆயிரம் பேர் இருந்த டெட்ராய்ட்டில் 2020இல் 6 லட்சத்து 39 ஆயிரம் பேர். அண்மைக்கால மதிப்பீடுகள் எண்ணிக்கை சற்று ஏறுவதாகச் சொல்கின்றன. பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே இருந்த கணக்குக்கு அது பெரிய செய்தி.

வடக்கே ஃபெர்ண்டேல், ராயல் ஓக், பர்மிங்ஹம். கடைகள் செழிப்பாக இருக்கின்றன, நடைபாதை சுத்தமாக இருக்கிறது. ஆகஸ்டில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் விழா 1995 முதல் நடக்கிறது. ராயல் ஓக்கில் விலங்குக்காட்சிச்சாலை. அதற்கும் மூன்று கவுண்டி மக்கள் 2008இல் வரி தர ஒப்புக்கொண்டார்கள். ஓவியத்துக்குக் கொடுத்தார்கள், விலங்குக்குக் கொடுத்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து பான்டியாக் வரை உட்வர்ட்டில் விரைவு பஸ் விடவும், வட்டாரம் முழுக்க பஸ்களை இணைக்கவும் 2016இல் வரி கேட்டபோது ஓக்லண்டும் மக்கோமும் மறுத்துவிட்டன. திட்டம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்வியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கோபுரம் கட்ட ஆள் இருந்தது, மனிதர்கள் வேலைக்குப் போய்வர வழி செய்ய ஆள் இல்லை.

அதன் விலை என்ன என்பது 2015இலேயே தெரிந்திருந்தது. டெட்ராய்ட்டில் வசித்த ஒரு தொழிலாளி ராச்செஸ்டர் ஹில்ஸ் ஆலைக்கு வேலைக்குப் போக, பஸ் கிடைக்கும் தூரம் போக மிச்சத்தை, போக வர 21 மைல், நடந்தே கடந்தார். கார் பழுதாகிப் பத்து ஆண்டுகளாக அப்படி. செய்தி வந்ததும் ஊர் பணம் திரட்டியது, கார் கிடைத்தது. ஆனால் ராச்செஸ்டர் ஹில்ஸுக்கு பஸ் வரவில்லை. பஸ் வரி வேண்டாம் என்று விலகிக்கொள்ள ஊர்களுக்கு உரிமை இருந்தது, அந்த ஊர் விலகியிருந்தது. நோவையும் அப்படித்தான். கார் நிறுவனங்களிலும் மென்பொருள் வேலையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல நோவையிலும் ட்ராயிலும் ஃபார்மிங்டன் ஹில்ஸிலும் வசிக்கின்றன. ஊருக்குப் போன் போட்டால் டெட்ராய்ட்டில் இருக்கிறோம் என்றுதான் சொல்வோம். நாம் வாழும் ஊர்களின் வாக்குகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை.

2018இல் ஸ்மார்ட் அமைப்பு ஃபாஸ்ட் என்ற விரைவு பஸ்ஸை உட்வர்ட்டில் விட்டது. அதற்குமுன் அலுவல் நேரம் தவிர மற்ற வேளைகளில் புறநகர் பஸ் எட்டாம் மைலோடு நின்றுவிடும். இறங்கி, குளிரில் காத்து, வேறு பஸ் பிடிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஓக்லண்ட் கவுண்டி மக்கள் மறுபடி வாக்களித்தார்கள். இந்த முறை வரி நிறைவேறியது, விலகும் உரிமை அந்தக் கவுண்டியில் ஒழிந்தது. நோவைக்கும் ராச்செஸ்டர் ஹில்ஸுக்கும் பஸ் வந்தது.

ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸின் மரங்களையும் மாளிகைகளையும் கடந்ததும் பான்டியாக். டெட்ராய்ட் பட்ட அத்தனையும் இந்த ஊரும் பட்டிருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. பஸ், லாரி, கார் என்று ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஊர். ஊர்ப்பெயர் தாங்கிய காரையே நிறுவனம் 2010இல் நிறுத்திவிட்டது. மாநிலம் நியமித்த அவசர மேலாளர்கள் ஆட்சியில் சொந்தக் காவல்துறையும் 2011இல் போனது. சில்வர்டோம் என்ற பெரிய விளையாட்டரங்கம் 2009இல் 5 லட்சத்து 83 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அதை இடித்த மனையிலும் அமேசான் கிடங்குதான்.

உட்வர்ட் இங்கே இரண்டாகப் பிரிந்து ஊர் நடுவைச் சுற்றி ஒருவழி வளையமாகப் போகிறது. 1960களில், கார் வேகமாகக் கடக்கட்டும் என்று போட்டது. கார்கள் கடந்து போயின, கடைத்தெரு உள்ளே தனித்துப்போனது. வளையத்தை மறுபடி இருவழியாக்கி, நடப்பவர்கள் பயமில்லாமல் குறுக்கே வரும்படி செய்ய இப்போது திட்டம் போட்டிருக்கிறார்கள். ஓக்லண்ட் கவுண்டியும் தன் ஊழியர்கள் பலரை ஊர் நடுவுக்குக் கொண்டுவர அங்கே கட்டடங்கள் வாங்கியிருக்கிறது. அவர்களில் டெட்ராய்ட்டிலிருந்து வருகிறவர்களும் இருக்கலாம். கார் இல்லாவிட்டால் ஃபாஸ்ட் பஸ்தான்.