எமன் அருந்திய தேநீர்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாள் கிடந்தது. கரிக்கோலால் தீட்டிய ஓவியம். கரிய மேனி, முறுக்கிய மீசை, தோளிலே பாசக்கயிறு, எமனேதான்! ஆனால் இந்த எமன் எருமைமீது ஏறி வரவில்லை. கவிழ்த்து வைத்த மரப்பெட்டி ஒன்றின்மீது அமர்ந்திருக்கிறான். முடியைக் கழற்றி மடியிலே வைத்திருக்கிறான். கையிலே கண்ணாடிக் குவளை; குவளையிலே தேநீர். உயிர் பறிக்க வந்தவன் களைத்துப் போயிருக்கிறான்!

அந்த எமன் என் தந்தை. வரைந்தவர், அவர் நடித்து வந்த நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதிய ஓவியர். அடுத்த காட்சிக்கு மணி அடிப்பதற்குள் வரைந்து முடித்தாராம்.

அந்த ஓவியம் பெட்டியின் அடிக்குச் சென்ற கதையைக் கூறவேண்டும். வெட்கத்தோடுதான் கூறுகிறேன்.

1958-ஆம் ஆண்டு. தூத்துக்குடியில் நான் படித்த பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு மாணவனாக எழுப்பி, தந்தையின் தொழில் என்ன என்று கேட்டுப் பதிவேட்டிலே எழுதிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் என்றான் ஒருவன். முத்துக் குளிப்பவர் என்றான் மற்றொருவன். (அந்த ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது, 1961-உடன் நின்றுபோயிற்று.) இருவரும் தலை நிமிர்ந்தே கூறினர். என் முறை வந்தது. நா எழவில்லை. எங்கள் தெருவில் எங்களுக்கிருந்த பெயர் 'கூத்தாடி வீடு'. வாடகைக்கு வீடு கேட்டுச் சென்ற என் தாயின் முகத்துக்கெதிரே அந்தச் சொல்லைச் சொல்லியே கதவடைத்தவர் இருவர். ஆகவே, "உப்பளத்தில் கணக்கர்" என்றேன். பொய்!

மாலைக்குள் செய்தி வீட்டுக்கு எட்டிவிட்டது. அடி விழும் என்று நடுங்கி நின்றேன். தந்தையோ சிரித்தார்.

"நீ சொன்னது முழுப் பொய் இல்லையப்பா. எங்கள் வாத்தியாருக்கெல்லாம் வாத்தியார், அவரும் முதலில் உப்புக் கணக்குத்தான் எழுதினார்."

அவர் குறிப்பிட்டது சங்கரதாஸ் சுவாமிகளை. இதே தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். உப்புப் பண்டகசாலையில் சிலகாலம் கணக்கெழுதியவர். இருபத்து நான்காம் வயதில் உப்பை உதறினார், அரிதாரம் பூசினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் — கண்டார் அஞ்சும் வேடங்களிலே புகழ் பெற்றார். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்பொழுதில் நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்டு ஒரு பெண் அதிர்ச்சியால் உயிர்விட்டாள் என்றும், மனம் நொந்தே அவர் நடிப்பைத் துறந்தார் என்றும் நாடக உலகம் கூறும். சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையாகவும் இருக்கலாம். எங்ஙனமாயினும், நடிப்பை விட்டவர் நாடகத்தை விடவில்லை. 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் எழுதினார். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை கண்டார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்று ஆளானார்கள். 1922-இல் புதுச்சேரியிலே மறைந்தார்.

இதையெல்லாம் தந்தை அன்றிரவு திண்ணையில் அமர்ந்து சொன்னார். என் பொய்யை அவர் மன்னித்த முறை அது. கண்டிக்கவே இல்லை, அதுதான் இன்றும் சுடுகிறது.

தாய் மன்னிக்கவில்லை — என்னையல்ல, ஓவியத்தை! பிள்ளையைப் பொய் பேச வைத்த படம் என்று சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அனுப்பினார். அந்த ஆணியிலேயே ஒரு முருகன் நாட்காட்டி ஏறியது. வேடிக்கையைக் கேளுங்கள்! அக்காலத்து நாட்காட்டித் தெய்வங்களுக்கு உருவம் தந்தவர்களில் தலையாயவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் யார்? நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர்! கம்பெனி கலைந்த பின் கோவில்பட்டியிலே தங்கினார். 1976-இல் மறையும்வரை அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் புகுந்தன. அந்தப் படங்களிலே மின்னும் சரிகை உடையையும், முடியையும், பின்னே மடிந்து தொங்கும் திரையையும் பாருங்கள். நாடகமேடையன்றி வேறென்ன? கூத்தாடியின் உடையிலே வந்த கடவுளுக்குச் சூடம். உடையைத் தந்த கூத்தாடிக்குக் கதவடைப்பு! வேடத்தோடு கண்டால் நடுக்கம், வேடம் கலைந்தால் எள்ளல். இரண்டுக்கும் இடையே தேநீர் குடித்துக்கொண்டிருந்த மனிதனைக் கண்டது கம்பெனி ஓவியரின் கரிக்கோல் ஒன்றே.

தந்தையும் தாயும் மறைந்து நெடுங்காலமாயிற்று. பெட்டியை நான் திறக்கவேயில்லை. திறக்க வைத்தது கடல்தான். கப்பலில் பணிபுரியும் என் தங்கை மகன், எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் வாங்கியதென்று ஒரு படநூலை எனக்குக் கொணர்ந்தான். அந்நகரத்து ஓவியச் சகோதரர்கள் செயிஃப் வான்லி, அதம் வான்லி ஆகியோருடைய படங்கள். இளையவரான அதம், 1959-இல் மறைந்தவர். நாடகமேடை, பாலே நடனம், சர்க்கஸ் கூடாரம் இவற்றை அண்ணனும் தம்பியும் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். மேடை உருவம் ஒன்றின்முன் என் விரல் நின்றுவிட்டது. சில கோடுகளே, அதற்குள் ஓர் உடை இருந்தது, உடைக்குள் ஒரு மனிதன் இருந்தான். அச்சகோதரர்களின் படைப்புகளை அவர்களுடைய நகரம் அருங்காட்சியகத்திலே வைத்துப் போற்றுகிறது. எங்கள் வீட்டில் தகரப்பெட்டி!

அந்த எகிப்துக்கும் எங்கள் கரைக்கும் உறவு பழையது. முதல் நூற்றாண்டில் அங்கிருந்து கடலோடிய வணிகன் ஒருவன் எழுதி வைத்த கிரேக்கக் குறிப்பில் கொற்கையின் முத்துக்குளிப்பு இருக்கிறது. மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் இருக்கிறது. முத்து அரசரின் மார்புக்கு. மூச்சடக்கியவனுக்குக் குற்றவாளி என்ற பெயர்!

அன்றிரவே பெட்டியைத் திறந்தேன். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. மீசையும் குவளையும் அப்படியே இருந்தன.

மறுநாள் சட்டம் போடும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்கார இளைஞர் நெடுநேரம் பார்த்தார்.

"எமதர்மன் சாமிங்களா, ஐயா? கீழே கொஞ்சம் வெட்டினால் இந்த டம்ளர் மறைந்துவிடும். சாமி படமாகவே ஆகிவிடும்."

"சாமி இல்லை தம்பி, என் அப்பா. நாடக நடிகர். டம்ளர் முழுவதும் தெரிய வேண்டும்" என்றேன்.

அவர் அளவுகோலை எடுத்து மறுபடியும் அளக்கத் தொடங்கினார்.