கோடிக்கரைக்கு ஒரு நாள்

குழந்தைகளுக்குப் பூநாரை பார்க்கவேண்டும்; எண்பத்திரண்டு வயதுப் பெரியப்பாவுக்கு உப்புப் பார்க்கவேண்டும். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இந்த இரண்டு கட்சிகளையும் ஒரே வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டோம்.

உப்பைப் பார்ப்பதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போவதா, அடுக்களையில் இல்லாத உப்பா என்று நேயர்கள் கேட்கலாம். வீட்டில் பெரியம்மாவும் அதையேதான் கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. கார் திருத்துறைப்பூண்டியை நெருங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"இந்தச் சாலையோரத்து மரம் ஒன்றில்தான் எங்கள் அப்பா சோற்று மூட்டை கட்டித் தொங்கவிட்டாராம்" என்றார்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார்கள். பதினைந்து நாள் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறைவாசம் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டிருந்தார். கையால் கொடுத்தால்தானே குற்றம்? மரம் கொடுத்தால் மரத்தையா சிறையில் போடமுடியும்? இரவோடிரவாகக் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் காய்த்துத் தொங்கின. அப்படிக் காய்த்த மரங்களில் ஒன்று எங்கள் குடும்பத்து மரம். அது புளியமரமா ஆலமரமா என்பது பெரியப்பாவுக்கு நினைவில்லை. சாலையின் இரு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வேதாரண்யத்தில் முதலில் கோயில். வேதங்கள் பூஜித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்ததும், சம்பந்தர் ஒரே பாட்டில் மறுபடி அடைத்ததும் இங்கேதான். திறப்பதற்கு ஒரு பதிகம், மூடுவதற்கு ஒரு பாட்டு! அம்மனின் திருநாமமும் அழகானது: யாழைப் பழித்த மொழியம்மை. அந்தக் குரலின் இனிமைக்குத் தோற்றுத்தானாம், இங்குள்ள சரஸ்வதியின் கையில் வீணை இல்லை. எங்கள் வீட்டுப் பாட்டு மாணவியின் கவனத்திற்கு இதைக் கொண்டுவந்தோம். அவளோ, பூநாரை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.

கடைத்தெருவில் காப்பி சாப்பிட்டபோது வைரப்பன் கதை கிடைத்தது. சத்தியாக்கிரகத்தின்போது இவ்வூரில் சவரத் தொழில் செய்தவர் அவர். தம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்பது பாதிச் சவரத்தில் தெரியவந்ததும், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதிப் பாதிக்குக் கத்தி எழும்பவில்லை. அதற்காகச் சிறைக்கும் போனார். தொண்டர்களுக்கு இடமளித்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டதையும், பின்னர் 1946-ல் பெண் குழந்தைகளுக்காக இங்கே கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவியதையும் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். சவரக் கத்தியின் கதையைச் சொல்லக் கடைத்தெரு வேண்டியிருக்கிறது.

அகஸ்தியம்பள்ளி கொஞ்ச தூரம்தான். முன்பு ரயில் இதையும் தாண்டிக் கோடிக்கரை வரை போயிற்று. அகலப் பாதையாக்கி 2023-ல் மறுபடி திறந்தபோது இங்கேயே நிறுத்திவிட்டார்கள். 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது இவ்விடத்தில்தான். தண்டனை ஆறு மாதம். நினைவு ஸ்தூபி ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திச் செல்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் வெயில் கொஞ்சம் குடிக்கிறது. கடைசிப் பாத்தியில் வெள்ளை பூக்கிறது. மழை விட்ட சமயமாதலால் வரப்புகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார்கள். சென்ற ஆண்டு உப்பு கீற்று வேய்ந்து குவியலாகக் கிடந்தது.

பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினார். "ஏனம்மா, ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாமா?" என்று அங்கே வேலை செய்த ஓர் அம்மாளைக் கேட்டார்.

"எடுத்துக்குங்க ஐயா, இதுக்குப் போயி கேக்கணுமா?" என்றார் அவர்.

பெரியப்பா சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு மேல்துண்டின் முனையில் உப்பை முடிந்துகொண்டார். அந்த அம்மாளின் பாதங்கள் உப்பிலேயே ஊறி வெடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். வரி போய்விட்டது, பாதத்தின் வெடிப்பு போகவில்லை.

அங்கிருந்து கோடிக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர். குழகர் கோயில் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் துணையின்றித் தனியே ஏன் நிற்கிறீர் என்று சுந்தரர் உருகிக் கேட்ட கோயில். சோழர் காலத்ததென்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004-ஆம் ஆண்டுச் சுனாமி சாய்த்துவிட்டது. 1967-ல் இது வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. புல்வெளியில் வெளிமான்களைக் கண்டோம். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் வெளுத்த வயிறுமாக ஓர் ஆண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர்களால் ஆபத்தில்லை என்று தீர்மானித்து மறுபடி மேய ஆரம்பித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்டது. மான்களும் பல மாண்டன. முறிந்த மரங்களின் அடையாளம் இன்னும் தெரிகிறது. புயலுக்கு அசையாதது சீமைக் கருவேலம் ஒன்றுதான் போலும்! மான்கள் மேயும் புல்வெளிக்குள் அது புகுந்துகொண்டே வருகிறது.

வெயில் தாழ்ந்தபின் சதுப்புநிலத்தின் ஓரத்திற்குப் போனோம். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீண்டு கிடக்கும் பெருஞ்சதுப்பு இது. 2002-ல் உலகமறிந்த ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. முழங்கால் ஆழத் தண்ணீரும் சேறுமாகத் தெரிகிற இடத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றான் பையன். அந்தச் சேற்றுக்காகத்தான் சைபீரியாவின் வடகோடியிலிருந்து உள்ளான்கள் பறந்து வருகின்றன. அவற்றில் கொசு உள்ளான் என்பது முப்பது கிராம் எடைகூட இராது. சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டிவிட்டு, அவற்றின் வழியை ஆராய்ந்தார்கள்.

பூநாரைகள் எங்கே? வெகு தூரத்தில், தண்ணீரும் வானமும் தொடுமிடத்தில், இளஞ்சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது. வனக் காவலர் தம் தூரதர்சினியைக் கொடுத்தபோது கோட்டுக்குக் கால்கள் முளைத்தன. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சல்லடைபோல் அரித்துத் தின்கின்றன. அந்த நிறமே அவை தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் வந்ததுதான்.

"முன்னே நிறைய வரும். இப்போது மழையைப் பொறுத்தது" என்றார் காவலர்.

விஷயம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காவிரியின் கடைசி வடிகால்கள் நல்ல நீரைக் கொண்டுவந்து கடல் நீரோடு கலக்கவேண்டும். அப்போது மீன் குஞ்சும் பூச்சியும் பெருகும், பறவை வரும். நல்ல நீர் குறைந்தாலோ, தண்ணீரின் போக்கு வரப்புகளால் மறிக்கப்பட்டாலோ, உப்பு மிஞ்சிப்போகிறது. சிற்றுயிர்கள் பலவும் மடிகின்றன. பறவை வேறிடம் தேடுகிறது. பறவைக் கூட்டம் முன்னைப்போல் இல்லையென்று ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

பெண் இதைக் கேட்டுவிட்டுப் பெரியப்பாவின் துண்டு முனையைப் பார்த்தாள். "தாத்தா, அப்படியானால் உப்பு நல்லதா, கெட்டதா?" என்றாள்.

பெரியப்பா சிரித்தார். "சமையலறையில் உன் பாட்டியைக் கேள்" என்றார்.

அந்த நேரத்தில், எதற்கென்று தெரியவில்லை, கோடு எழுந்தது. ஒரு விநாடி எல்லாச் சிறகுகளும் திறந்து, உள்ளே மறைந்திருந்த செம்மையும் கருமையும் வெளிப்பட்டன. பையன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. வட்டமிட்டு, இன்னும் தூரத்தில் போய் இறங்கின.

திரும்பும்போது இருட்டிவிட்டது. திருத்துறைப்பூண்டிச் சாலையில் மரங்கள் தெரியவில்லை. ஆனாலும் பெரியப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் பெரியம்மா முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல கல்லுப்பு. மாவடுவுக்கு ஆகும்" என்று சொல்லி, ஜாடியில் கொட்டி மூடி வைத்தார்.