பன்னிரண்டு துண்டுகளும் ஒரு தேசப்படமும்

கலைப்பீட மாணவன் ஒருவன் கணினித் திரையிற் படமொன்றைத் துண்டுதுண்டாக வெட்டிப் பொருத்திய கதையை இம்மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பையும் சிலருக்குச் சிரிப்பையும் தரக்கூடும். ஆயினும், கருத்தரங்கு என்றால் மல்ரிமீடியா என்றும், மல்ரிமீடியா என்றால் பவர்பொயின்ற் என்றும் ஆகிவிட்ட ஒரு சூழலிற் பயிலும் நாம், அக்கருவியை எவ்வாறு கையாள்கிறோம் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் தகும். என் தவறொன்றைச் சொல்லிக்கொள்வதற்கும் இது இடந்தருகின்றது. அத்தவறினால் நட்டமடைந்தவன் நானல்லேன். என்னோடு சேர்ந்து அளிக்கை செய்த தோழியே.

மூன்றாம் வருடத்திற் படவரைகலைப் பாடத்துக்காக இருவர் இருவராகக் கருத்தரங்கு அளிக்கை செய்ய வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்ட நேரம் 15 நிமிடம். எமக்குக் கிடைத்த பொருள் தொலமியின் தப்ரபேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, தமது புவியியல் நூலில் இத்தீவின் ஊர்கள், துறைகள், ஆற்றுமுகங்கள், முனைகள் ஆகியவற்றை அகலக்கோடு, நெடுங்கோடுகளுடன் பட்டியலிட்டுத் தந்தவர். அவர் கைப்பட வரைந்த படம் எதுவும் எஞ்சவில்லை. அப்பட்டியலைக் கொண்டு பிற்காலத்தவர் வரைந்தவற்றையே நாம் இன்று தொலமியின் படங்கள் என்கிறோம். 1482இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் அச்சான பதிப்பிலுள்ள படத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அதனைப் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது தீவின் பருமனே. இந்தியா தன் தெற்கு முனையை இழந்து தட்டையாய்க் கிடக்க, இலங்கை மத்தியகோட்டையும் கடந்து தெற்கே நீள்கின்றது. உண்மையில் நம் நாடு ஏறத்தாழ வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அடங்கிவிடுவது.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். பதுளையிலிருந்து வந்து பயிலும் தோழி, படத்தின் வரலாற்றையும் அதன் பிழைகளுக்கான காரணங்களையும் தேடி எழுதுவதாக ஒப்புக்கொண்டார். படவில்லைகளை நான் ஏற்றேன். நூலகத்திற் குந்தியிருப்பதை விடக் கணினியின் முன் குந்தியிருப்பது எனக்கு உவப்பானது என்பதே உண்மைக் காரணம்.

படத்தை அப்படியே திரையில் இடுவது எனக்குப் போதவில்லை. சிறுவயதிற் கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ஜிக்சோ புதிரொன்றை வீட்டுத் திண்ணையிற் பரப்பிவைத்துப் பொருத்திய நினைவு வந்தது. பழைய தேசப்படம் துண்டுதுண்டாகப் பறந்துவந்து சபையோர் கண்முன்னே ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று எண்ணினேன். ஆசியாவுக்கான தொலமியின் படங்களுட் தப்ரபேன் பன்னிரண்டாவது. ஆகவே துண்டுகளும் 12 ஆக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இச்சாதுரியத்தை அன்று கவனித்தவர் ஒருவருமில்லை.

பவர்பொயின்றில் இதற்கென ஆயத்தமான பொத்தான் எதுவுமில்லை. துண்டுகளை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். முதலிற் படத்தின்மேல் நான்கு நிரல், மூன்று நிரையாக 12 செவ்வகங்களை இடைவெளியின்றி அடுக்கினேன். அவை ஒன்றையொன்று தொடும் பக்கங்கள் 17. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும், சற்றே ஒருபுறம் தள்ளி, ஒரு சிறு வட்டம் இடப்படும். வட்டத்தை ஒரு செவ்வகத்தோடு ஒன்றிணைத்தால் அது வெளியே நீட்டும் நாக்கு ஆகின்றது. அதே வட்டத்தை அயற்செவ்வகத்திலிருந்து கழித்தால் அந்நாக்கு நுழைவதற்கான குடைவு ஆகின்றது. ஒருமுறை இணைத்தவுடன் வட்டம் மறைந்துவிடுமாகையால், அதே இடத்தில், மயிரிழையும் விலகாது, முன்கூட்டியே அதற்கொரு பிரதி எடுத்து வைத்தல் அவசியம். ஆக 34 வட்டங்கள். பதினோராவது வட்டத்திற் பிரதி எடுக்க மறந்து, அடுத்த நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வடிவங்கள் ஆயத்தமானதும் படத்தையும் அவற்றையும் ஒருங்கே தெரிவு செய்து, 'பிராக்மென்ற்' எனும் துண்டாக்கற் கட்டளையை இடுவதே எஞ்சும். அங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. எதனை முதலிற் சொடுக்குகிறோமோ அதன் தோற்றமே விளையும் துண்டுகளுக்கு வந்துசேரும். இதனை அறியாது நான் வடிவமொன்றை முதலிற் சொடுக்கினேன். தேசப்படம் மறைந்து 12 நீலத் துண்டுகள் எஞ்சின. படத்தை முதலிற் சொடுக்கிய பின்னரே கடலும் மலையும் எழுத்தும் துண்டுகளில் ஏறின.

அசைவூட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்ப்பதே முறையென நான் எண்ணியிருந்தேன். எளிய முறை அதுவன்று. துண்டுகளைச் சேர்ந்த நிலையிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து பறந்து உள்ளே வரும் நுழைவு அசைவைக் கொடுத்தாற் போதும். ஒவ்வொரு துண்டும் தன் இடத்தைத் தானே வந்தடையும். புதிய பதிப்புக்களில் 'மோர்ப்' எனும் மாற்றத்தின் துணையால், முதற் படவில்லையிற் சிதறியவையாகவும் இரண்டாவதிற் சேர்ந்தவையாகவும் வைத்து இதனை இன்னும் இலகுவாகச் செய்யலாம். எமது கணினிக் கூடத்தில் இருந்த பதிப்பில் அவ்வசதி இல்லை. துண்டொன்றுக்கு நாலு வினாடி அசைவு, ஒரு வினாடி தாமதம். முழுப்படமும் சேர ஒரு நிமிடம். அளிக்கையின் இறுதியில் அது மீண்டும் பிரிந்து பறந்து மறைய இன்னுமொரு நிமிடம்.

ஒத்திகை பார்த்தபோது 17 நிமிடம் ஆயிற்று. எதனை விடுவது என்ற கேள்வி எழுந்தது. படம் பிரிந்து பறக்கும் காட்சியை விட்டுவிட்டு, சேரும் காட்சியையும் விரைவுபடுத்தலாமே என்றார் தோழி. நான்கு இரவுகள் விழித்திருந்து செய்ததை விட எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதிய காரணங்களிற் கணக்கு அதிகம், சபை கேளாது என்று நான் வாதிட்டேன். அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாள்களை எடுத்துக் கோவையின் பின்பக்கத்திற் செருகிக்கொண்டார்.

அளிக்கை நாளன்று படம் சேர்ந்தபோது கைதட்டல் எழுந்தது. கடைசித் துண்டு, அதாவது தீவின் தென்கோடி, சுழன்று வந்து அமர்ந்தபோது பின்வரிசையிலிருந்து சீழ்க்கையொலியும் கேட்டது. பின் கேள்வி நேரம் வந்தது. விரிவுரையாளர் எழுந்திருக்காமலே கேட்டார்: "தம்பி, துண்டெல்லாம் நல்லாய்ப் பொருந்திச்சுது. தீவு ஏன் இவ்வளவு பெரிசு?"

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அப்படத்தோடு நான்கு இரவுகள் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு நாக்கும் எந்தக் குடைவில் நுழையும் என்பது எனக்கு மனப்பாடம். அக்கேள்வி ஒருபோதும் என்னுள் எழவில்லை. தோழி கோவையைத் திறந்து அந்த இரண்டு தாள்களையும் எடுத்தார்.

அவர் அன்று கூறியவற்றின் சாரத்தை இங்கு தருவது கடமை. இத்தீவு மிகப் பெரியதென்ற செய்தி தொலமிக்கு முன்னரே கிரேக்கரிடையே வேரூன்றியிருந்தது. எரதொஸ்தனிஸ் இதன் நீளத்தை 7,000 ஸ்தாதியம் எனக் கொண்டதாகப் பிளினி எழுதுகிறார். ஒரு ஸ்தாதியத்தின் அளவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், எவ்வாறு கொள்ளினும் அது 1,000 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். இலங்கையின் நீளமோ ஏறத்தாழ 435 கிலோமீற்றர். மாலுமிகள் கடலில் நாட்களையே எண்ணினர். நாட்களைத் தூரமாக்கியவர் கரையிலிருந்த அறிஞர். இதன்மேல் இன்னொரு பிழையும் ஏறிற்று. எரதொஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை 252,000 ஸ்தாதியம் என்றார். அதன்படி ஒரு பாகைக்கு 700. தொலமி கொண்ட சுற்றளவோ 180,000. ஒரு பாகைக்கு 500 மட்டுமே. எனவே அதே 7,000 ஸ்தாதியம் முன்னவர் கணக்கில் 10 பாகையும் பின்னவர் கணக்கில் 14 பாகையும் ஆகின்றது. பூமியைச் சிறிதாக்கினால் அதன்மேலுள்ள நாடு பெரிதாகிவிடும் என்று அவர் முடித்தார். படத்திலுள்ள தீவு ஏறத்தாழ 15 பாகை நீளமுடையது என்பதைச் சபை கோடுகளை எண்ணித் தானே கண்டுகொண்டது. அப்போது கைதட்டல் எழவில்லை. பலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர்.

புள்ளி இருவருக்கும் ஒன்றாகவே இடப்பட்டது. அதுவே எனக்கு மிகவும் உறுத்தியது. சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் வேணாம். அடுத்த முறை எதை வெட்டுறதுன்னு என்கிட்டயும் கேளுங்க" என்றார். அவர் ஊர் மலைகளை நினைத்தோ என்னவோ, தொலமி 'மலையா' எனப் பெயர் குறித்த மலைத்தொடரைப் பற்றியும் அவர் அரைப்பக்கம் எழுதியிருந்தாராம். அது ஒத்திகைக்கு முன்னரே என் வற்புறுத்தலால் கழிந்துபோயிருந்தது.

பின்னர் நூலகத்தில் ஜிக்சோவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி எனும் செதுக்கோவியர், தேசப்படங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி வாளால் அறுத்து, சிறுவர் புவியியல் கற்பதற்காக விற்றார். ஜிக்சோ என இன்று வழங்குவதன் தொடக்கம் ஒரு தேசப்படமே என்பது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் அவரது வாள் நாடுகளின் எல்லையைப் பின்பற்றி ஓடியது. துண்டைக் கையிலெடுத்த பிள்ளை பிரான்சையோ ஸ்பெயினையோ கையிலெடுத்தது. அதன் அயலைத் தேடியபோது புவியியலைத் தேடியது. என் 17 நாக்குகளோ எதன் எல்லையையும் பின்பற்றவில்லை. ஒரு நாக்கு மலையாவின் நடுவே நுழைந்திருந்தது.

அத்தோடு, உண்மையான புதிரிற் பிழையாகப் பொருத்திப் பார்த்துப் பின் எடுக்கும் கணங்கள் உண்டு. திண்ணையில் நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி அவ்வாறே கழிந்தது. படவில்லையில் அக்கணங்கள் இல்லை. முழுப்படத்தை முதலில் வைத்து, அதனை உடைத்து, அது சேர்வதாகக் காட்டுகிறோம். சபை தேடலொன்றைக் கண்டதாக நினைக்கின்றது. எவரும் எதனையும் தேடவில்லை. என் 12 துண்டுகளும் அவ்வளவு செம்மையாகப் பொருந்தியமையாலேயே படம் பிழையானதென்பது மறைந்துபோயிற்று என்று நினைக்கிறேன். துண்டு துண்டோடு பொருந்துவது வேறு, படம் நிலத்தோடு பொருந்துவது வேறு என்பதை நான் பாடமாகப் படித்திருந்தும் கையால் மறந்திருந்தேன். அசைவூட்டம் வீண் ஆடம்பரம் என்று கண்டிப்போரும் உளர். அவர்களோடு நான் முற்றாக உடன்படேன். வெட்டும் இடத்தைப் பொறுத்தது அது.

அவ்வருட இறுதியில் முதலாம் வருட மாணவருக்கு அதே அளிக்கையைச் செய்யும்படி விரிவுரையாளர் பணித்தார். தம் காலத்தில் ஒளிபுகும் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டியதையும் நினைவுகூர்ந்தார். அதைப் பற்றிக்கொண்டு மீண்டும் தொடங்கினோம். செவ்வகமும் வட்டமும் இம்முறை இல்லை. விரும்பியவாறு வரையும் கோட்டினால் ஏழு மூடிய வடிவங்களை வரைந்தோம். எங்கே வரைவது என்பதைத் தோழி சொன்னார். அனுரோகிராம்மம், அதாவது அநுராதபுரம், ஒரு துண்டு. தொலமி 'கங்கை' எனக் குறித்ததும் மகாவலி எனப் பலராற் கொள்ளப்படுவதுமான ஆறு ஒரு துண்டு. மலையா ஒரு துண்டு. தலகோரி போன்று, இடம் குறித்து ஒருமித்த கருத்தில்லாத துறைகள் உள்ள பகுதிகளைச் சாம்பல் நிறமாக்கி ஓரத்தில் விட்டோம். இன்றைய இலங்கையின் எல்லைக்கோட்டைத் தொலமியின் அதே பாகை அளவுக்குச் சுருக்கி, பாதி ஒளிபுகும் நிறத்தில் இறுதியில் மேலே இறங்கச் செய்தோம். அது அப்பெரிய தீவுக்குள் ஒரு மாங்காயளவில் வந்து அமர்ந்தபோது மாணவர் சிரித்தனர்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். முன்னைய அளிக்கையில் ஒரு துண்டு முடிய அடுத்தது தானாகவே வந்தது. இம்முறை ஒவ்வொரு துண்டையும் சொடுக்குக்காகக் காத்திருக்க வைத்தோம். துண்டு எங்கே அமரும் என்று தோழி சபையைக் கேட்பார். விடை வந்த பின்னரே நான் சொடுக்குவேன். சாம்பல் நிறத் துண்டொன்றை எங்கே வைப்பது என்று பின்வரிசையில் இருவர் தமக்குள் வாதிடத் தொடங்கினர். ஒருவர் மன்னார்ப் பக்கம் என்றார். மற்றவர் வடக்கே வெகுதூரம் மேலே என்றார். சொடுக்கியைப் பிடித்தபடி நான் காத்து நின்றேன். 15 நிமிடத்தில் முடிய வேண்டிய அளிக்கை 25 நிமிடத்தைத் தாண்ட, தலைமை தாங்கியவர் இரண்டாம் முறையும் மணியை அடித்தார்.