பிளாட்டினம் திறக்கும் இடம்

கோரிமேட்டு மண் சிவப்பு. வடக்கே மொரட்டாண்டி, ஆரோவில் வரைக்கும் அந்தச் செம்மண்தான். சித்திரை பிறந்து காற்றுக் கிளம்பிவிட்டால் கொடியில் காயும் துணி, ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடத்தின் விளிம்பு என்று ஒன்றையும் விடாது. எங்கள் வீட்டில் அது ஆசையாகப் போய் உட்கார்ந்த இடம் அப்பாவின் புல்லட். சிலிண்டர் தலையைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்களுக்கு நடுவே, எண்ணெய் கசிந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு, எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிவிடும். வேப்பங்குச்சியை ஒரு பக்கம் சீவி என் கையில் கொடுத்து, சுரண்டச் சொல்வார் அப்பா. இரும்பு படக்கூடாது. அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அது ஆயுசுக்கும் போகாது என்பார்.

1980களின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ஜிப்மரில் வேலை, மூன்று ஷிப்டு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வளாகத்து மரங்கள், இன்னொரு பக்கம் போலீஸ் மைதானத்துக்குப் போகும் வழி. திண்டிவனம் சாலையில் சற்றுத் தூரம் போனால் பாண்டி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பதால் அந்தப் பக்கத்து லாரியும் காரும் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் ஊரைத் தாண்டும். விதவிதமான எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வாசலில் கோலம் போட்டபடியே, போவது லாம்பிரெட்டாவா, ராஜ்தூத்தா, ஜாவாவா என்று என் அம்மா சொல்லிவிடுவாள்.

எங்கள் புல்லட் 1960களின் கடைசியில் செய்தது. ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட வண்டி, இரண்டு கை மாறி அப்பாவிடம் வந்தது. மேலே கறுப்புப் பெயின்ட். முழங்கால் உரசும் இடத்தில் கறுப்புத் தேய்ந்து அடியிலிருந்த ராணுவப் பச்சை எட்டிப்பார்க்கும். புதிதாக அடிக்கலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். அப்பா கேட்கவில்லை. உடம்பு சுத்தமாக இருந்தால் போதும், உள்ளே கவனம் வேண்டும் என்பது அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி முற்றத்துக்கு வரும். மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் கோணிப்பை விரிப்பார். நட்டும் வாஷரும் ஹார்லிக்ஸ் பாட்டிலில். ஸ்பேனர்கள் காடாத்துணி உறையில் அளவு வாரியாகச் செருகியிருக்கும். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய், அம்மாவின் ஸ்டவ்வுக்கு உரியது. “என்னங்க, இந்த வாரமும் அரை லிட்டரா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கழுவிய மண்ணெண்ணெயை அப்பா கொட்டமாட்டார். துணியில் வடிகட்டித் தெளியவைத்து அடுத்த வாரத்துக்கு எடுத்துவைப்பார். அம்மாவின் கோபம் அதோடு பாதி அடங்கும்.

நான்கு வீடு தள்ளி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, இந்தோசீனாவில் லாரி பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்து, பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஊர்வலத்துக்குப் போவார். மற்ற நாளெல்லாம் லுங்கியும் பனியனும்தான். ஞாயிறானால் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். ஸ்பேனரைத் தொடமாட்டார். கழற்றிய சாமான்களைச் செய்தித்தாளின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கச் சொல்லி, அதை மட்டும் காவல் காப்பார். “கழட்டறது யாரு வேணா கழட்டலாம் தம்பி. எந்த வரிசையில கழட்டினே, அதைச் சொல்லு” என்று அப்பாவைக் கேட்பார். தாள் ஓரத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போடுகிற வேலை என்னுடையது. மாட்டும்போது கடைசி எண்ணிலிருந்து திரும்பி வருவோம். இன்று வரைக்கும் மிக்சியைப் பிரித்தாலும் என் கை தானாக ஒரு தாளைத் தேடுகிறது.

எனக்கென்றே ஒதுங்கிய வேலை ஒன்று இருந்தது. டைமிங் வைப்பது. புல்லட்டின் இக்னிஷனில் இரண்டு சிறு முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும். மெக்கானிக்குகள் அதைப் பிளாட்டினம் என்பார்கள். பிரிகிற அந்தக் கணத்தில்தான் காயிலிலிருந்து பிளக்குக்கு மின்சாரம் பாய்ந்து பொறி விழுகிறது. பொறி எப்போது விழவேண்டும் என்பதில்தான் எஞ்சினின் குணமே இருக்கிறது. சீக்கிரம் விழுந்தால் உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். தாமதமானால் எஞ்சின் சூடேறும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

முதலில் ஃபில்லர் தகட்டை நுழைத்து, முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிற்கும்படி வைப்பார் அப்பா. பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் கம்பியை விட்டுப் பிஸ்டன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பார். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் இருக்கும்போது முனைகள் பிரியவேண்டும். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிய சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைக் கிழித்து, முனைகளுக்கு நடுவே செருகி, நுனியை என் விரலில் கொடுப்பார். “மெதுவா இழுத்துக்கிட்டே இரு கண்ணு. பிடுங்காதே.” அவர் பின்சக்கரத்தை நாலாவது கியரில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். தாள் இறுக்கமாக நிற்கும். சக்கரம் நகரும். இன்னும் இறுக்கம். ஏதோ ஒரு புள்ளியில் எதிர்ப்பே இல்லாமல் தாள் கையோடு வந்துவிடும். “வந்துடுச்சு!” என்பேன். கம்பியில் அடையாளம் பார்ப்பார். முன்பின் இருந்தால் பிளேட்டைக் கடுகளவு திருப்பி, மறுபடியும் தாள். பெரியவர்கள் விரலுக்கு அந்த நயம் வராது என்று அப்பா தாத்தாவிடம் சொன்னதைக் கேட்டு நான் அடைந்த பெருமையை, பிறகு எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்குக் கொடுத்ததில்லை.

டேப்பட்டுக்கு அளவுத் தகடே வேண்டாம். சிலிண்டரின் அடிப்பக்கம் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் வால்வுகளைத் தள்ளும் இரண்டு தண்டுகளின் கால் தெரியும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்கவேண்டும். அதனால் அந்த வேலை எப்போதும் காப்பிக்கு முன். வால்வு இரண்டும் மூடிய நிலையில் தண்டை விரலால் உருட்டினால் தாராளமாக உருளவேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. சூடேறியதும் சிலிண்டர் வளர்ந்து தேவையான இடைவெளியை அதுவே கொடுத்துக்கொள்ளும். இறுக்கம் கூடினால் வால்வு சரியாக மூடாமல் விளிம்பு கருகும், தளர்ந்தால் தலைப்பக்கம் டிக் டிக் என்று சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே, அப்பா தெருமுனை திரும்புவதற்குள், அடுத்த ஞாயிறு என்ன வேலை என்று நான் தெரிந்துகொள்வேன்.

கார்பரேட்டர் ஜெட்டில் அடைத்த செம்மண்ணை எடுக்க மருந்துக்கடையில் வாங்கிய கண்ணாடி சிரிஞ்சில் பெட்ரோலை ஏற்றிப் பீய்ச்சுவோம். கம்பி விட்டுக் குத்த அப்பா விடமாட்டார். ஓட்டை இம்மி பெரிதானாலும் பெட்ரோல் கணக்குத் தப்பிவிடும். எண்ணெய்க் கசிவு மட்டும் தீராத வழக்கு. பேக்கிங் ஷீட்டை மூடியின் மேல் வைத்து, விளிம்பு நெடுகச் சுத்தியலின் உருண்டைத் தலையால் தட்டித் தட்டி வெட்டி எடுப்பார். அச்சாக வரும். இரண்டு மாதம் உலர்ந்து கிடக்கும், மூன்றாம் மாதம் கோணியில் சொட்டு விழும்.

ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். எங்கள் முற்றத்தில் அவ்வளவும் நடந்ததற்குக் காரணம் அப்பாவின் கைத்திறன் மட்டும் இல்லை. அந்த எஞ்சின் திறக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. ஒரே சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. நீண்டு, நிதானமாக அடிக்கும் எஞ்சின். 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாம் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனபோதும் திருவொற்றியூரில் அதே எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அதனால் எங்கள் வண்டிக்கு வேண்டிய சாமான் பல, பத்துப் பதினைந்து வருடம் பிந்திய வண்டியிலிருந்தும் பொருந்தும். அந்தக் காலத்துக் கையேடு, தலையைக் கழற்றிக் கரி எடுப்பது எப்படி என்று வண்டிக்காரனுக்கே பாடம் நடத்தியது. வாங்கியவனை அந்த அளவுக்கு நம்பினார்கள். வாங்கியவனால் திறக்க முடியாதபடி பூட்டிக் கொடுக்கும் இன்றைய வழக்கம், அவனைக் குறைத்து மதிப்பிடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

கரி எடுக்கும் வேலை முழு ஆண்டு விடுமுறையில் வரும். டேங்க் இறங்கும், கார்பரேட்டர் இறங்கும், சைலன்சர் குழாய் பிரியும், கடைசியில் சிலிண்டர் தலை அப்பாவின் இரு கையிலும் வந்து உட்காரும். பிஸ்டன் மேல் வருடம் முழுக்கப் படிந்த கரி. மரச்சில்லால் சுரண்டினால் அடியிலிருந்து வெள்ளை அலுமினியம் வரும். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்டைப் பூசி, ரப்பர் ஒட்டிய குச்சியில் வால்வைக் கவ்வவைத்து, தயிர் கடையும் மத்தை உருட்டுவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டவேண்டும். சரசரவென்ற ஒலி மெல்ல மெல்ல மழுங்கி, விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் வளையம் ஒன்று தெரிந்தால் வால்வு உட்கார்ந்துவிட்டது. மெய்தானா என்று பார்க்க, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவைப்போம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதும் மறுபக்கம் ஈரம் கசியாமல் இருக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் இரண்டு வால்வையும் நானே உருட்டினேன். அன்று சொல்தா தாத்தா விரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஸ்டார்ட் செய்வதற்குப் பலத்தைவிடப் பொறுமைதான் வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே ஓர் ஆம்பியர் மீட்டர். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். எதிர்ப்பு முட்டும் இடத்தில் டிகம்ப்ரஸர் லீவரை இழுத்து, பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, முள் நடுவில் நிற்கும்போது லீவரை விட்டுவிடவேண்டும். கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. ஒல்லிக்குச்சியான நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படி மிதித்து, அது டப் டப் என்று உயிர்பெற்ற அன்று எதிர்வீட்டு அக்கா கைதட்டினாள்.

இத்தனையும் சாலைக்காகத்தான். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அடிக்கடி போவோம். மறக்காத பயணம் கொல்லிமலை. விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் என்று போய்க் காரவள்ளி அடிவாரத்தில் ஏறவேண்டும். உச்சிக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நான். ஆத்தூர் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்தது. அப்பா பதறவில்லை. கிளம்புவதற்கு முன்பே இரண்டாவது கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்து அதே பாதையில் ஓட்டி, டேப் சுற்றிக் கட்டிவைத்திருந்தார். இரண்டு முனையையும் மாற்றி மாட்ட ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. உறையில் பிளாட்டினம் ஒரு செட், பிளக், பல்பு, செயின் லாக், வால்வு டியூப் எல்லாம் இருந்தன. இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே விட்டார். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. சில வளைவுகளில் நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டுத்தான் கிளம்பினார். இறங்கி முடியும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. காரவள்ளியில் இறங்கியதும், “வண்டி நல்ல வண்டிங்க” என்றாள். மண்ணெண்ணெய்க்கான அனுமதி அதோடு நிரந்தரமானது.

அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் நிறுத்தப்பட்டது. எங்கள் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது, அதே கோரிமேட்டில். சாமான் தேடிச் சென்னையில் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் போகிறேன். பிளாட்டினத்தை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள், தொல்லை இல்லை என்கிறார்கள் கடையில். எனக்கு அதில் விருப்பமில்லை. பழைய புல்லட் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். “விட்டுட்டுப் போறேன்க்கா, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்” என்றால் ஒப்புக்கொள்வதில்லை. கூட உட்காரவேண்டும், தாளில் எண் போடவேண்டும். போன மாதம் ஒரு பையன் தன் வண்டியின் தண்டுகளை உருட்டிப் பார்த்துவிட்டு, இறுக்கமா தளர்வா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. மறுபடி உருட்டச் சொன்னேன். மூன்றாம் தடவை, “லேசா டைட்டுக்கா” என்று அவனே சொல்லி ஸ்பேனரை எடுத்தான்.